குளிர்ற ஊர்ல முகம் ஏன் கருகுது? (ஊட்டி வெயில், பனி, டவர், இன்னும் சில)

திருப்பூர் வாசகர், 17 ஜனவரி 2024

பொங்கல் லீவுக்கு குடும்பத்தோட ஊட்டி போயிட்டு வந்தோம். ஸ்வெட்டரைக் கழட்டவே இல்ல, பட்டப்பகல்லயே அப்படி ஒரு குளிர். வீட்டுக்கு வந்து பார்த்தா எனக்கும் பையனுக்கும் மூக்கு, நெத்தி, காது மடல் எல்லாம் கருத்துப்போய் தோல் உரியுது. எங்க ஊர்ல மே மாச வெயில்ல பைக் ஓட்டியும் இப்படி ஆனதில்ல. மலை ஏறினா சூரியனுக்குக் கிட்டப் போயிடறோம், அதான் காரணம்னு மாமனார் சொல்றார். கிட்டப் போனா சுடணும்தானே, ஏன் குளிருது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குன்னூர் சோலார்காரன், 17 ஜனவரி, ராத்திரி

மாமனார் கணக்கை முதல்ல முடிச்சிடலாம். சூரியன் இருக்கறது சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி. தொட்டபெட்டா உச்சியே 2637 மீட்டர்தான். 15 கோடியில ரெண்டரை கிலோமீட்டர் குறைஞ்சா சூரியனுக்குத் தெரியவா போகுது.

ஆனா வேற ஒரு வழியில அவர் சொன்னது உண்மை. பூமி சுத்தற பாதை சரியான வட்டம் இல்ல. ஜனவரி முதல் வாரத்துலதான் நாம சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வர்றோம். ஜூலையோட பார்த்தா சுமார் 50 லட்சம் கிலோமீட்டர் பக்கம், வந்து சேர்ற ஒளியும் 7 சதவீதம் போல அதிகம். அதனால பொங்கலுக்கு நீங்க சூரியனுக்குக் கிட்டப் போனது நிஜம். திருப்பூர்ல போர்த்திப் படுத்திருந்தாலும் போயிருப்பீங்க.

மீதி நாளைக்கு. காலையில வெலிங்டன்ல ஒரு கூரை வேலை இருக்கு.

18 ஜனவரி, சாயங்காலம்

நான் சோலார் ஹீட்டரும் பேனலும் மாட்டறவன், அதனால பகல் முழுக்கக் கூரை மேலதான். இங்க கூரை ஏறற எல்லாருக்கும் ரெண்டு நிறத்துல கழுத்து இருக்கும்.

சூரியனோட மேற்பரப்பு சுமார் 5500 டிகிரி சூடு. அந்தச் சூட்டுல இருக்கற பொருள் எல்லா அலைநீளத்துலயும் ஒளியை வீசும், ஆனா சமமா வீசாது. நம்மகிட்ட வர்றதுல பாதிக்குக் கிட்ட அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியற ஒளி அதுக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் சில சதவீதம் புற ஊதா (அல்ட்ரா வயலட்), அதுவும் கண்ணுக்குத் தெரியாது, அலைநீளம் ரொம்பக் குறுகினது. இந்தக் கடைசிச் சில்லறைதான் உங்க மூக்கை உரிச்சது.

குளிருக்குக் காரணம் வேற. வெயில் காத்தை நேரா சூடாக்கறது ரொம்பக் கம்மி. வெயில் தரையைச் சூடாக்கும், தரை காத்தைச் சூடாக்கும், சூடான காத்து மேல போகப் போக விரிஞ்சு குளிரும். கிலோமீட்டருக்கு சராசரியா ஆறரை டிகிரி குறையும். திருப்பூருக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் 1900 மீட்டர் வரும், பன்னெண்டு டிகிரி அங்கேயே போச்சு.

அதே 1900 மீட்டர்தான் புற ஊதாவுக்கு எதிர்ப்பக்கமா வேலை செய்யுது. காத்துல இருக்கற மூலக்கூறுகள் குறுகின அலைகளை நல்லா சிதறடிக்கும், வானம் நீலமா இருக்கறதே அதனாலதான். கீழ் ஊர்ல தூசி, புகை வேற சேர்ந்து தடுக்குது. மேல ஏறினா அந்தப் படுதா மெலிஞ்சுபோகுது. 1000 மீட்டருக்கு 10 சதவீதம் அளவுல புற ஊதா கூடும்னு சொல்வாங்க. அப்போ ஊட்டியில திருப்பூரைவிட அஞ்சுல ஒரு பங்கு அதிகம்.

18 ஜனவரி, ராத்திரி

திரும்பப் படிச்சேன். அஞ்சுல ஒரு பங்கு கூடினதுக்கா தோல் உரிஞ்சுதுன்னு யாராவது கேட்பீங்க. அது மட்டும் இல்லைங்க. திருப்பூர்ல பன்னெண்டு மணிக்கு வெயில்ல நிப்பீங்களா? நிக்க மாட்டீங்க, சூடு துரத்திடும். ஊட்டியில படகு இல்லத்துல வரிசையில நின்னிருப்பீங்க, பொட்டானிக்கல் கார்டன் புல்லுல உக்காந்து சாப்பிட்டிருப்பீங்க, வெயில் இதமா இருக்குன்னு முகத்தைத் தூக்கி வேற காட்டியிருப்பீங்க. புற ஊதாவை உணர்றதுக்குத் தோல்ல நரம்பு எதுவும் இல்ல. நாம வெயில்னு உணர்றது அகச்சிவப்பும் வெளிச்சமும் தர்ற சூட்டை மட்டும்தான், அந்தச் சூட்டையும் குளிர்காத்து அடிச்சிட்டுப் போயிடுது. தோல் வெந்தது தெரிய சில மணி நேரம் ஆகும், அதுக்குள்ள நீங்க மேட்டுப்பாளையம் இறங்கியிருப்பீங்க.

19 ஜனவரி

"மேகமா இருந்துச்சே" - இது கோவை வாசகர். மெல்லிசான மேகத்தைப் புற ஊதா பெரும்பாலும் தாண்டி வந்துடும். கறுத்த மழை மேகம்னா தடுக்கும். மஞ்சூர் பக்கம் மூட்டம் போட்ட நாள்ல வேலை பார்த்துட்டு ராத்திரி முகம் எரிஞ்சிருக்கு எனக்கு. தேயிலை பறிக்கப் போற அக்காங்க மூட்டமோ வெயிலோ தலையில துணி கட்டாம இறங்கறதில்ல.

21 ஜனவரி, ஞாயிறு

ஒரு காலேஜ் தம்பி நல்லா கேட்டார்: "அகச்சிவப்பு பாதி, புற ஊதா சில்லறைன்னு நீங்களே சொல்றீங்க. பாதிக்கு ஆகாத சேதம் சில்லறைக்கு எப்படி ஆகும்?"

ரயில்வே பிளாட்பாரத்துல எடை பார்க்கற மெஷின் இருக்குமே, ஒரு ரூபாய் காசு போட்டா அட்டை வரும். அதுல பத்து பைசாவா ஆயிரம் ரூபாய்க்குக் கொட்டினாலும் அட்டை வராது. ஒளியும் அப்படித்தான், மொத்தமா வர்றதில்ல, துணுக்கு துணுக்கா வருது. அந்தத் துணுக்குக்குப் பேரு ஃபோட்டான். ஒவ்வொரு ஃபோட்டானோட ஆற்றலும் அலைநீளம் குறையக் குறையக் கூடும். கண்ணுக்குத் தெரியற ஒளியில ஒரு ஃபோட்டானுக்கு 1.8-ல இருந்து 3.1 எலக்ட்ரான் வோல்ட் (இவ்வளவு சின்ன ஆற்றலை அளக்கற அலகு). புற ஊதா-பி-ன்னு சொல்ற 280-315 நானோமீட்டர் (மீட்டர்ல நூறு கோடியில ஒரு பங்கு) அலைநீளப் பட்டையில 4-ஐ ஒட்டி. தோல் செல்லுக்குள்ள டிஎன்ஏ-வுல ஒரு இணைப்பைக் கலைக்க அந்த 4 போதும். அகச்சிவப்பு எவ்வளவு வந்தாலும் அந்த வேலையைச் செய்யாது, சூடு மட்டும் பண்ணும்.

இதையே ஐன்ஸ்டைன் 1905-ல உலோகத்துல இருந்து எலக்ட்ரான் தெறிக்கறதுக்குச் சொன்னார், அதுக்குத்தான் அவருக்கு நோபல் கிடைச்சுது. நாங்க மாட்டற பேனலும் இதே கதை. சிலிக்கானுக்கு 1.1 எலக்ட்ரான் வோல்ட் வேணும். அலைநீளம் 1100 நானோமீட்டருக்கு மேல போன அகச்சிவப்பு பேனலைச் சூடாக்குமே தவிர கரண்ட் தராது.

24 ஜனவரி

இன்னைக்கு எனக்குப் பிடிச்ச கேள்வி. "பனிக்காலத்துல சோலார் ஹீட்டர் குழாய் ஏன் வெடிக்குது?" கேட்டவர் எம். பாலாடாக்காரர். உங்க பக்கம் கேரட் மேல வெள்ளை படிஞ்சு கிடக்கற சீசன் இல்லையா இது.

பல வருஷம் முன்னாடி நடந்தது. தலைக்குந்தா பக்கம் ஒரு வீடு, பள்ளத்துல. தட்டை மாடல் ஹீட்டர், அதாவது கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள்ள கறுப்புத் தகடு, தகட்டுக்கு அடியில செம்புக் குழாய். ஒரு டிசம்பர் காலையில போன். போய்ப் பார்த்தா குழாய் நீளவாக்குல பிளந்து கிடக்கு. வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஆள், வராந்தாவுல தெர்மாமீட்டர் தொங்கவிட்டு தினமும் நோட்டுல எழுதறவர். நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார்: "ராத்திரி குறைஞ்சது 3 டிகிரி. தண்ணி 0-லதானே உறையும்? உங்க குழாய்தான் மட்டம்." எனக்கு அப்போ பதில் சொல்லத் தெரியல. மாத்திக் கொடுத்துட்டு வந்தேன். அடுத்த பனியில அதுவும் போச்சு.

அவரோட தெர்மாமீட்டர் பொய் சொல்லல. அது காத்தோட வெப்பத்தைச் சொல்லுது. ஹீட்டர் தகடு காத்தோட மட்டும் கணக்கு வெச்சுக்கலையே, வானத்தோட வெச்சிருக்கு.

சூரியன் மட்டும்தான் கதிர் வீசும்னு நினைக்கறோம். சூடு உள்ள எதுவும் வீசும். தரை, சுவர், தேயிலைச் செடி, நீங்க, நான். நம்ம வெப்பநிலையில இருக்கற பொருள் வீசறது 10 மைக்ரோமீட்டர் பக்கத்துல இருக்கற அகச்சிவப்பு. பகல்ல வெயில் வாங்கறதுதான் பெருசு, இது தெரியாது. ராத்திரி வரவு நின்னுபோகுது, செலவு நிக்காது. மேகம் இருந்தா அது கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், அதுவும் தன் பங்குக்குக் கதிர் வீசுதே. வானம் தெளிவா, காத்து வறண்டு இருந்தா 8-ல இருந்து 13 மைக்ரோமீட்டர் வரைக்கும் ஒரு ஜன்னல் திறந்து கிடக்கற கணக்கு. அந்த வழியா போற சூடு திரும்பி வராது.

ஹீட்டர் பெட்டி முழுசா வானத்தைப் பார்த்துச் சாய்ஞ்சு படுத்திருக்கு. மேல இருக்கற கண்ணாடி வானத்துக்கு வீசிக் குளிருது, தகடு கண்ணாடிக்கு வீசிக் குளிருது. காத்து 3 டிகிரியில இருக்கறப்பவே தகடு 0-க்குக் கீழ போயிடும். தண்ணி உறைஞ்சா பருமன் 9 சதவீதம் கூடும். செம்பு என்ன பண்ணும் பாவம்.

24 ஜனவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

நம்பலைன்னா நாளைக்குக் காலையில காந்தல் பக்கம் வெளியில நிறுத்தின காரைப் பாருங்க. கூரையிலயும் முன்கண்ணாடியிலயும் பனி உறைஞ்சிருக்கும், கதவுக் கண்ணாடியில இருக்காது. கதவு வானத்தைப் பார்க்கல, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்குது. மரத்தடியில நிறுத்தின கார்ல எங்கயுமே இருக்காது. தேயிலைக்கு மேல காய்ஞ்ச தழை போட்டு மூடறாங்களே, அது குளிர்காத்தைத் தடுக்கறதுக்குன்னு நினைச்சிருந்தேன். முக்கியமா செடிக்கும் வானத்துக்கும் நடுவுல ஒரு மறைப்பு வேணும்ங்கறதுதான் விஷயம்.

பள்ளத்துல ஏன் அதிகம்? குளிர்ந்த காத்து கனம், சரிவுல வழிஞ்சு கீழ வந்து தேங்கும். தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சி எல்லாம் பனிக்குப் பேர் வாங்கினதே கிண்ணமா இருக்கறதால. மேட்டுல இருக்கற வீடு தப்பிச்சிடும்.

25 ஜனவரி

"அப்போ ராத்திரி ஹீட்டருக்குக் கம்பளி போர்த்தலாமா?" போர்த்தலாம். காலையில எடுக்க யார் கூரை ஏறுவாங்கன்னு வீட்டுல முதல்ல பேசி முடிவு பண்ணிக்கோங்க.

3 பிப்ரவரி

பேனல் பத்தி ரெண்டு பேர். ஒருத்தர், ஊட்டி குளிர்ல பேனல் வேலை செய்யாதுன்னு சொல்றார். இன்னொருத்தர் எதிரா, புற ஊதா அதிகம், அதனால கரண்ட் கொட்டும்னு சொல்றார்.

பேனலுக்குக் குளிர் நல்லது. அது வாங்கறது ஒளியை, சூட்டை இல்ல. பேனல் பின்னாடி ஒட்டியிருக்கற அளவு, பேனல் 25 டிகிரியில இருக்கறப்போ, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழறப்போ எடுத்தது. அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3-ல இருந்து 0.4 சதவீதம் வரை குறையும். கோவையில மத்தியானம் பேனல் 60 டிகிரி போயிடும், பத்து சதவீதத்துக்கு மேல அங்கேயே காலி. இங்க அந்த நஷ்டம் கம்மி. புற ஊதாவால கரண்ட் கூடறது பேச்சுக்கு எடுக்கற அளவுல இல்ல, வரவுல அது சில்லறைன்னு முன்னாடியே பார்த்தோம். மாறா, பேனலைச் சீக்கிரம் பழசாக்கறதுல அதுக்குப் பங்கு உண்டு.

ஆனா வருஷக் கணக்குன்னு வந்தா ஜூன், ஜூலை மூட்டம் எல்லாத்தையும் சாப்பிட்டுடும். குந்தா பக்கம் பேனல் போடச் சொல்லிக் கேட்கறவங்களுக்கு நான் உற்சாகமா பதில் சொல்றதில்ல.

12 பிப்ரவரி

டவர். இது வரும்னு தெரியும். "எங்க தெருவுல செல்போன் டவர் வைக்கறாங்க, கதிர்வீச்சு. நீங்க சோலார் ஆள், கையெழுத்துப் போட்டு எதிர்க்கணும்." கேட்டவர் எனக்கு நேர்ல தெரிஞ்சவர், உச்சி வெயில்ல தொப்பி இல்லாம பையனை கிரிக்கெட் கோச்சிங்ல விட்டுட்டு வர்றவர்.

எடை மெஷின் கணக்கை இங்க போடுங்க. 1800 மெகாஹெர்ட்ஸ் அலையில ஒரு ஃபோட்டானோட ஆற்றல், தோலைக் கெடுக்கற புற ஊதா ஃபோட்டான்ல சுமார் அஞ்சு லட்சத்துல ஒரு பங்கு. இணைப்பை முறிக்கற சமாச்சாரம் இங்க இல்ல. ரேடியோ அலை செய்யக்கூடியதா நல்லாத் தெரிஞ்சது சூடாக்கறது. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ்ல அதைத்தான் செய்யுது, ஆனா அது நூத்துக்கணக்கான வாட்டை ஒரு மூடின பெட்டிக்குள்ள அடிக்குது. டவர்ல இருந்து தூரம் ரெண்டு மடங்கானா உங்க மேல விழறது நாலுல ஒரு பங்கு, பத்து மடங்கானா நூத்துல ஒண்ணு. கன்னத்துல ஒட்டி வெச்சுப் பேசற போன்ல இருந்து உங்க தலை வாங்கறது டவர்ல இருந்து வர்றதைவிட அதிகம்.

13 பிப்ரவரி

நேத்து எழுதினது ஒரு பக்கமா இருக்குன்னு ராத்திரி தோணுச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல ரேடியோ அலைகளை 2பி-ன்னு ஒரு வகையில வெச்சுது. "இருக்கலாம், ஆனா ஆதாரம் போதாது"ங்கற வகை. அதை மறைச்சுட்டுப் பேசக் கூடாது. அதே முகமை சூரியக் கதிர்வீச்சை 1992-லயே 1-ன்னு வெச்சாச்சு, "உறுதியா உண்டு"ங்கற வகை. கையெழுத்து வேட்டைக்கு வர்ற யாரும் ரெண்டாவதைச் சொல்றதில்ல.

டவர் எதிர்ப்புக்கு வேற நியாயமான காரணம் இருக்கலாம், நிலச்சரிவு வர்ற சரிவுல அஸ்திவாரம் தோண்டறது மாதிரி. அதுக்குக் கையெழுத்துக் கேட்டா போடறேன்.

3 மார்ச்

"ரேடியோ அலைன்னா ஊட்டி பக்கம் முத்தோரையில இருக்கற ரேடியோ டெலஸ்கோப்பும் டவர் மாதிரிதானா, அது எவ்வளவு வீசுது?"

அது எதையும் வீசல. வாங்க மட்டும்தான் செய்யுது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டினது, 1970-ல இருந்து ஓடுது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். காலேஜ்ல எங்களைக் கூட்டிட்டுப் போனப்போ டெலஸ்கோப்புன்னா குழாயும் லென்ஸும் இருக்கும்னு தேடினேன். மலைச்சரிவுல இரும்புச் சட்டங்களும் அதுக்கு நடுவுல இழுத்துக் கட்டின கம்பிகளும்தான் இருந்துச்சு. ஓட்டை ஓட்டையா இருக்கே, இது எப்படிக் கண்ணாடின்னு ஒருத்தன் கேட்டான். அது கேட்கற அலை 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 92 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு முன்னால கம்பிகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளி ஒண்ணுமே இல்ல. அலைக்கு அது வழவழன்னு ஒரு கண்ணாடி.

எனக்கு இன்னும் ஆச்சரியம் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது. ஊட்டியோட அட்சரேகை 11 டிகிரிக்குக் கொஞ்சம் மேல. அவங்க 11 டிகிரி சாயற, வடக்கு தெற்கா ஓடற ஒரு மலைச்சரிவைத் தேடிக் கண்டுபிடிச்சாங்க. சரிவு மேலயே கட்டினதால டெலஸ்கோப்போட நீள அச்சு பூமியோட அச்சுக்கு இணையா ஆயிடுச்சு. ஒரே அச்சுல மெதுவா திருப்பினாலே போதும், வானத்துல ஒரு பொருளை மணிக்கணக்கா பின்தொடரலாம். நான் கூரைச் சாய்வுக்கு ஏத்த மாதிரி ஸ்டாண்ட் அடிக்கறவன். அவங்க ஸ்டாண்டுக்கு ஏத்த மாதிரி மலையைத் தேடியிருக்காங்க.

மூட்டம், மழை எதுவும் அந்த அலையைத் தடுக்காது. தூரத்து ரேடியோ மூலங்களோட அலை சூரியக்காத்து (சூரியன்ல இருந்து ஓயாம வீசற மின்னேற்றத் துகள்கள்) வழியா வர்றப்போ மினுக்கும். அந்த மினுக்கலை வெச்சு சூரியக்காத்தோட வேகத்தைக் கணக்குப் போடறாங்க.

5 மார்ச்

கொடைக்கானல்காரர் கோவிச்சுக்கிட்டார். "சூரியனைப் பத்திப் பேசிட்டு ஊட்டியைச் சுத்திச் சுத்தி வர்றீங்க, பழனி மலை கண்ணுக்குத் தெரியலையா?"

நியாயம். சூரியனுக்கு கொடைக்கானல்தான் மூத்த வீடு. 1876-ல தொடங்கின பெரும் பஞ்சத்துக்கு அப்புறம், மழைக்கும் சூரியனோட மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டான்னு பார்க்கணும்னு பேச்சு வந்துச்சு. 1899-ல சென்னை வானாய்வகத்தோட வேலை கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு மாறுச்சு, 2343 மீட்டர் உயரத்துக்கு. நூறு வருஷத்துக்கு மேல சூரியனைத் தினமும் படம் எடுத்து வெச்சிருக்காங்க. வெள்ளை ஒளியில எடுத்தது ஒரு வரிசை, கால்சியம் வீசற ஊதா ஒளியில, 393 நானோமீட்டர்ல, எடுத்தது இன்னொரு வரிசை. அலைநீளம் மாறினா வேற ஆழம் தெரியும். வெள்ளை ஒளியில கரும்புள்ளி மட்டும் தெரியற இடத்துல, கால்சியத்துல புள்ளியைச் சுத்திப் பெரிய வெளிச்சத் திட்டு தெரியும்.

1909 ஜனவரியில ஜான் எவர்ஷெட்ங்கற வானியலாளர் அங்க ஒரு கரும்புள்ளியோட நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமா பிரிச்ச பட்டையைப் பார்த்தப்போ அதுல இருக்கற கோடுகள் லேசா நகர்ந்திருந்துச்சு. புள்ளியோட ஓரத்துல வாயு வெளிப்பக்கமா பாயுதுன்னு அதுல இருந்து கண்டுபிடிச்சார். இன்னைக்கும் உலகம் முழுக்க அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னுதான் பேரு. கரும்புள்ளி கறுப்பும் இல்ல, சுமார் 4000 டிகிரி. சுத்தி இருக்கறது அதைவிட வெளிச்சமா இருக்கறதால நமக்குக் கறுப்பு. தனியா எடுத்து வானத்துல வெச்சா கண்ணு கூசும்.

கொடைக்கானல்காரரே, போதுமா?

6 மார்ச்

போதாதாம். "முத்தோரை 1970, கொடை 1899. உங்க நீலகிரி எல்லாத்துலயும் லேட்"னு எழுதியிருக்கார்.

அப்போ இதையும் எழுதிடறேன். 1871 டிசம்பர் 12, முழு சூரிய கிரகணம். அதோட பாதை நீலகிரி மேல போச்சு. பிரான்ஸ்ல இருந்து ழான்சென்ங்கற வானியலாளர் வந்து டென்ட் போட்டது எங்க சோலூர்ல. மூணு வருஷம் முன்னாடி குண்டூர்ல கிரகணம் பார்த்தவர் அவர். அந்த 1868 கிரகணத்துலதான் சூரிய ஒளியில ஒரு மஞ்சள் கோடு தெரிஞ்சு, பின்னால அது ஹீலியம்னு பேர் வாங்குச்சு. பூமியில கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி சூரியன்ல கண்டுபிடிச்ச தனிமம்.

சோலூர்ல அவர் பார்த்தது கரோனாவை, நிலா சூரியனை முழுசா மறைச்சப்போ சுத்தித் தெரியற வெள்ளை ஒளிவட்டத்தை. அதோட நிறமாலையில சாதாரண சூரிய ஒளியில இருக்கற கருங்கோடுகளும் தெரிஞ்சுது. அப்போ அந்த ஒளியில ஒரு பகுதி எது மேலயோ பட்டுச் சிதறி வர்ற சூரிய ஒளி. இப்போ அது கிரகங்களுக்கு இடையில இருக்கற தூசின்னு தெரியும்.

கரோனாவுல இன்னொரு பச்சைக் கோடும் உண்டு, 530 நானோமீட்டர். அதுக்கு எந்தத் தனிமமும் பொருந்தாம "கொரோனியம்"னு ஒரு புதுப் பேரே வெச்சுட்டாங்க. 1940 வாக்குலதான் புரிஞ்சுது, அது இரும்பு, பதிமூணு எலக்ட்ரானை இழந்த இரும்பு. அப்படி இழக்கணும்னா சூடு பத்து லட்சம் டிகிரிக்கு மேல இருக்கணும். மேற்பரப்பு 5500, அதுக்கு மேல இருக்கற காத்து பத்து லட்சம். அடுப்பைவிட்டுத் தள்ளிப்போனா சூடு கூடற விவகாரம் ஏன்னு இன்னைக்கும் முழுசா முடியல. 2024 ஜனவரி 6-ஆம் தேதி பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்ன ஆதித்யா-எல்1 விண்கலத்துல ஒரு கருவி அந்தப் பச்சைக் கோட்டையும் பார்க்குது. அதைச் செஞ்சது, கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தற அதே இந்திய வானியற்பியல் நிறுவனம். சரி, மேட்ச் டிரா.

30 ஏப்ரல்

ஊட்டியிலயே 29 டிகிரின்னு செய்தி. எல்லாரும் இப்போ வெயிலைப் பத்திப் பேசறாங்க, சூடு வந்ததால. புற ஊதா கணக்குல சூடு வராட்டியும் ஏப்ரல் ஏப்ரல்தான். 20-ஆம் தேதி வாக்குல சூரியன் இங்க நேர் உச்சிக்கு வந்துடுச்சு, கூரை மேல நின்னா என் நிழல் என் காலடியிலயே. ஒளி காத்துக்குள்ள கடந்து வர்ற தூரம் அப்போதான் குறைவு. தெளிவான நாள் உச்சிவேளையில, புற ஊதா எவ்வளவு பலமா இருக்குன்னு சொல்ற குறியீடு 11-ஐத் தாண்டும், அந்த அளவுகோல்ல அதுக்கு மேல வேற பெட்டியே கிடையாது. மீட்டர் வேண்டாம், நிழலைப் பாருங்க. உங்க நிழல் உங்களைவிடக் குட்டையா இருக்கற நேரம் தலையை மூடுங்க.

கார் கண்ணாடி ஏத்தியிருந்தா போதுமான்னு கேட்டவருக்கு: கண்ணாடி புற ஊதா-பி-யை நல்லா தடுக்கும். புற ஊதா-ஏ-வை, அதாவது பி-யைவிட அலைநீளம் கூடினதை, பக்கக் கண்ணாடி ஓரளவு விட்டுடும். லாரி ஓட்டறவங்க வலது கை எப்பவும் ஒரு படி கறுப்புதான்.

12 மே

வாட்ஸ்அப்ல ஒரு குரல் பதிவு சுத்துது. "சூரியப் புயல், ராத்திரி பன்னெண்டரைக்கு மேல காஸ்மிக் கதிர் வருது, போனை அணைச்சு தள்ளி வைங்க." எங்க அம்மாவே அணைச்சுட்டாங்க.

புயல் நிஜம். 10, 11 தேதிகள்ல அடிச்சது இருபது வருஷத்துல பெருசு. லடாக்ல ஹான்லே பக்கம் வானம் சிவந்துச்சு. ஆனா இதுல ரெண்டு சமாச்சாரத்தைப் பிரிக்கணும். சூரியன்ல வெடிப்பு நடந்தா அதோட ஒளியும் எக்ஸ் கதிரும் 8 நிமிஷம் 20 செகண்டுல வந்துடும், அது மின்காந்த அலை. வெடிப்போட கிளம்பற மின்னேற்ற வாயு மேகம் வந்து சேர ஒரு நாளோ மூணு நாளோ ஆகும், அது அலையே இல்ல, பொருள். பூமியோட காந்தப்புலத்துல மோதறது இதுதான். எக்ஸ் கதிரை வளிமண்டலம் மேலயே முழுங்கிடும். தொந்தரவு சாட்டிலைட்டுக்கு, ஜிபிஎஸ்-க்கு, சிற்றலை ரேடியோவுக்கு. தலைமாட்டுல இருக்கற போனுக்கு இதுல ஒரு வேலையும் இல்ல.

ஊட்டிக்கு இதுல வேற பங்கு உண்டு. கிரேப்ஸ்-3-ங்கற ஆய்வுக்கூடம் இங்க, விண்வெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் காத்துல மோதறப்போ பிறக்கற மியுவான்ங்கற துகள்களை எண்ணுது. 2015 ஜூன் 22 புயல்ல பூமியோட காந்தக் கவசம் கொஞ்ச நேரம் தளர்ந்தப்போ மியுவான் எண்ணிக்கை ரெண்டு மணி நேரம் போல கூடினதை அங்கதான் பதிவு பண்ணினாங்க.

இந்தப் புயலைக் கிளப்பின கரும்புள்ளிக் கூட்டத்தை நான் கண்ணால பார்த்தேன். 2019 டிசம்பர் வளைய கிரகணத்துக்கு வாங்கின கண்ணாடி பீரோவுல கிடந்துச்சு, கீறல் இருக்கான்னு பல்பு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டுப் போட்டேன். டெலஸ்கோப் எதுவும் இல்லாமலே வட்டத்துல ஒரு கறுப்புத் துகள். நம்ம பூமியைப் போல பதினஞ்சு வரிசையா அடுக்கலாம் அதோட நீளத்துக்கு. பக்கத்து வீட்டுப் பையன் கூலிங் கிளாஸ் போட்டுப் பார்க்கவான்னான், காதைப் பிடிச்சு உள்ள அனுப்பினேன். விழித்திரையில வலி நரம்பு கிடையாது. வெந்தா தெரியவே தெரியாது.

19 மே

கூடலூர்ல இருந்து: "தட்டை மாடலா, டியூப் மாடலா?" கூடலூர் 1000 மீட்டர் பக்கம், குழாய் உறையற பனி இல்ல, தட்டை மாடலே போதும். மழையைத் தாங்கும், உழைக்கும்.

இதே கேள்வியை எமரால்டு பள்ளத்துல இருந்து கேட்டவருக்கு: டியூப் மாடல். ரெட்டைக் கண்ணாடிக் குழாய், நடுவுல காத்தை எடுத்துட்டாங்க. உள்குழாய் மேல பூசியிருக்கற பூச்சு வெயிலை நல்லா வாங்கும், ஆனா 10 மைக்ரோமீட்டர் பக்கம் ரொம்பக் கம்மியாதான் வீசும். அதனால ராத்திரி வானத்துக்குப் போற சூடு குறைவு. தலைக்குந்தா ரிட்டயர்டு சாருக்கு கடைசியில அதைத்தான் போட்டேன், அதுக்கப்புறம் நோட்டோட போன் வரல. ஆனா மாடிக்கு ஏறற பைப்பையும் மூடிக் கட்டணும், உறையறது அங்கயும் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. இங்க டியூபை உடைக்கறது பனி இல்ல, குரங்கு. மேல கம்பி வலை போடுங்க. வலையோட நிழல்ல வெயில் கொஞ்சம் போகும். அதைச் சரிக்கட்ட ரெண்டு டியூப் சேர்த்து ஆர்டர் பண்ணிடுங்க.